பூட்டுக்காரர் காத்த மூட்டைகள்

"பெரியவரே, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க, இதோ வந்துட்டேன்!" என்று காலடியில் ஒரு பையைப் போட்டுவிட்டு மீன் ஏலக் கூட்டத்துக்குள் மறைந்தான் ஒருவன்.

படகுத்துறை பெஞ்சில் அக்கரைப் படகுக்காகக் காத்திருந்த பூட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் அவர். எவனையும் நம்பமாட்டார், எதையும் பூட்டாமல் விடமாட்டார்; ஊர் வைத்த பட்டப்பெயரே அதனால்தான். போன வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்; மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் குதித்தவள் தீவை விட்டே கிளம்பி அக்கரையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று படகேறிப் போய்க் காலில் விழுந்தாவது கூட்டி வரவேண்டும். இல்லையென்றால் மிச்சக் காலத்துக்கும் அந்த வீட்டில் அவரும் பூட்டும்தான்.

இந்த நேரத்தில் ஒரு பை! உள்ளே என்ன எழவு இருக்கிறதோ. விட்டுவிட்டுப் போய், காணாமல் போனால் பழி இவர் தலையில்.

பெஞ்சின்மேல் ஏறிக் கத்தினார். "பை யாரோடது? இங்க வாங்கப்பா!"

"சாமானெல்லாம் அங்க வைக்கணுமாம்" என்று இரண்டு பேர் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"யோவ், நான் ஊருக்குப் போகணும்யா!"

"போயிட்டு வாங்க மாமா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

எவனும் தூக்கிவிடக் கூடாதென்று மூட்டைகளைச் சுற்றிக் கயிறு கட்டினார். கட்டியதுதான் தாமதம், கயிற்றோரம் வரிசை நின்றுவிட்டது.

"எதுக்குய்யா நிக்கிறே?"

"தெரியலண்ணே. எல்லாரும் நிக்கிறாங்க, நானும் நிக்கிறேன்."

அக்கரைப் படகு வந்து ஒட்டியது. இறங்குகிறவனும் ஏறுகிறவனும் முட்டிக்கொண்டார்கள். ஆளாளுக்கு எதையோ நீட்டினார்கள். குனிந்து அடுக்கியவருக்கு நிமிர நேரமில்லை. ஒரு பெட்டியும் பக்கத்தில் இரண்டு பெண் கால்களும் அசையாமல் நின்றன.

"வச்சுட்டு நகரும்மா! வழியில மரம் மாதிரி நிக்காதே!"

கால்கள் நகர்ந்தன. பெட்டியும் நகர்ந்தது. ஒரு தலைவலி குறைந்தது என்று நினைத்துக்கொண்டார்.

பைக்காரன் ஒருவழியாக வந்து சேர்ந்தான். "உங்கள மாதிரி நம்பிக்கையான ஆளு கிடைக்கணுமே!"

"நாசமாப் போ!"

படகு ஊதியது. கயிற்றைத் தாண்டினார், அவர் கட்டிய கயிறே காலை வாரிவிட்டது. எழுந்து பார்த்தால் படகு துறையை விட்டு விலகியிருந்தது.

டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினார். "நிறுத்தச் சொல்லும்மா! என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரணும்!"

டிக்கெட் கொடுக்கிற பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத்தையையா? அவங்கதான் பெட்டியோட வந்து உங்க முன்னாடியே நின்னாங்களே மாமா! நீங்க நகருன்னு விரட்டுனதும் வந்த படகுலயே ஏறிட்டாங்க."