தூறல் பூஜ்யம் ஆகாது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதலில் நடந்த அநியாயம். உங்கள் மழைக்கணக்கு மென்பொருளுக்கு நான் அனுப்பிய ஆறு வரித் திருத்தத்தை நீங்கள் ஏற்கவில்லை. மறுத்திருந்தால்கூட ஒரு மரியாதை. முப்பது நாள் கிடப்பில் போட்டு, முப்பத்தொன்றாம் நாள் காலை ஒரு இயந்திரத்தை விட்டு மூடிவிட்டீர்கள்.

"கேட்டதற்குப் பதில் வராததால் மூடப்படுகிறது. உங்கள் பங்களிப்புக்கு நன்றி" என்று அது எழுதியிருக்கிறது. பதில் வரவில்லையா? நான் எழுதிய பதில்களை அச்சிட்டால் பதினோரு பக்கம் வரும். அது இயந்திரம் என்று தெரியாமல், அதற்கும் மூன்று நாள் எழுதிக்கொண்டிருந்தேன். "ஐயா, தங்களுக்கு மேலே இருப்பவர் யார்?" என்று பணிவாகத்தான் கேட்டேன். என் மகள் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. "அப்பா, அது ஆளே இல்லப்பா. நாள் கணக்கு முடிஞ்சா தானா மூடிடும்" என்றாள். அப்படியானால் எதற்கு நன்றி சொல்கிறது என்று கேட்டேன். அதற்கு அவளும் இன்று வரை பதில் சொல்லவில்லை; அவளை யார் மூடுவது? இதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். கடிதம் தானாக மூடிக்கொள்ளாது.

வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மழை அளந்தவன் நான். புல்வெளி நடுவில் புனல் வைத்த உருளை. காலை எட்டரைக்கு அதில் இருப்பதை அளவுக் குடுவையில் ஊற்றி, வந்த எண்ணை நோட்டில் எழுதுவேன். மழை இல்லாத நாளில் கட்டத்தைக் காலியாக விடுவேன். நடக்காத ஒன்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. புனலின் உள்சுவரில் நாலைந்து பொட்டு ஈரம் மட்டும் நிற்கும், ஊற்றினால் குடுவையின் முதல் அளவைக்கூட எட்டாது. அப்படிப்பட்ட காலைகளில் வெளிச்சம் மெல்லிய துணி வழியாக வருவது போல் வரும். நிலையத்துக்குள் பேச்சுச் சத்தம் தணிந்துவிடும். யாரும் குடை விரிக்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் கையில் குடுவையோடு, எதற்கு வெளியே வந்தோம் என்பது மறந்து கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு உள்ளே போய் எண்ணுக்குப் பதில் 'தூறல்' என்று எழுதுவேன்.

ஓய்வு பெற்ற பிறகு நாலு மாதம் உட்கார்ந்து அத்தனை நோட்டுகளையும் தட்டச்சு செய்து உங்கள் மென்பொருளுக்குக் கொடுத்தேன். அது எண் இல்லாத கட்டத்தையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு தூறல் நாட்கள், மொத்தமும் பூஜ்யம். "யார் வேணும்னாலும் திருத்தம் அனுப்பலாம் மாமா, கதவு திறந்துதான் இருக்கு" என்று சொன்னது நீங்கள். நம்பி, அறுபத்தாறு வயதில், மகளின் பழைய லேப்டாப்பில், ஒருவரிடமும் கேட்காமல் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, 'எண் இல்லாவிட்டால் தூறல்' என்று ஆறே வரியில் முடித்தேன். அனுப்பினால், "சொந்தக்காரர் எழுதியதை நானே ஏத்துக்கிட்டா நாலு பேர் பேசுவாங்க" என்று நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள். பரிசோதிக்கும் வேலை, முகத்துக்குப் பதில் ஆந்தைப் படம் வைத்திருக்கும் யாரோ ஒருவரிடம் போனது. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பதிலிலும் நான் ஆந்தையின் உடல்நலம் விசாரித்தேன். ஆந்தை என்னை ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி: கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும், அதற்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கள். டெஸ்ட் என்றால், நமக்கு விடை தெரிந்த கேள்வியை நிரலிடம் கொடுத்துச் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதாம். நான் புனலின் சரிவைப் பற்றியும், காற்றடித்தால் துளி எந்தப் பக்கம் ஒட்டும் என்பதைப் பற்றியும் விரிவாக எழுதி, காலியைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் ஒரு தூறலில் நின்று பார்க்கட்டும் என்று முடித்தேன். ஆந்தை மறுபடியும் அதே கேள்வி.

நீங்களும் போனில் அதையேதான் சொன்னீர்கள்.

"மாமா, ஒரே ஒரு டெஸ்ட். எழுதிட்டீங்கன்னா உள்ள போயிடும்."

"முப்பத்தொரு வருஷம் மழையில நின்னவன் மாப்பிள்ளை. எனக்கு டெஸ்ட்டா?"

"உங்களுக்கு இல்ல மாமா, புரோகிராமுக்கு."

போனை வைத்துவிட்டேன். அதற்கு வருந்தவில்லை.

வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளியாகிறதாம். என் முப்பத்தொரு வருடமும் அதற்குள் இருக்கிறது. உலகத்தில் யார் திறந்தாலும் அந்த நானூற்றுப் பன்னிரண்டு நாட்களில் மழையே இல்லை என்று படிப்பார்கள். அதில் ஒரு நாள் உங்களுடையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் முதல் தடவையாக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். பேச வந்ததை மறந்து வாசலில் நின்றீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைத் தோளைப் பார்த்தேன். இடது தோளில் ஏழு பொட்டு, வலது தோளில் நாலு. "வெளியில தூறுதா?" என்று கேட்டேன். "கவனிக்கல சார்" என்றீர்கள். நனைந்துகொண்டே வந்தும் கவனிக்காத அளவுக்கு மனதில் என் மகள் இருந்தால் இவருக்கே கொடுத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. மறுநாள் நோட்டில் 'தூறல்' என்று எழுதினேன். உங்கள் மென்பொருள் பூஜ்யம் என்கிறது. அப்படியானால் உங்கள் தோளில் இருந்தது என்ன?

ஆகவே, மூடியதை நீங்கள் உங்கள் கையால் திறக்க வேண்டும், இயந்திரத்தை விட்டுத் திறக்கக் கூடாது. ஆந்தை ஏற்க வேண்டும், இல்லையென்றால் மனிதர் மாதிரி நாலு வரியில் மறுக்க வேண்டும், அதில் ஒரு வரி என் உடம்பைப் பற்றி இருக்க வேண்டும். இயந்திரம் நன்றி சொல்வதை நிறுத்த வேண்டும். மகள் சிரித்ததற்கு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். தூறல் இல்லாமல் வெள்ளிக்கிழமைப் பதிப்பு வெளியே போகக் கூடாது. அதற்கு நீங்கள் பொறுப்பு. நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே? குடையை மறந்து வெளியே கிளம்பும் நாட்கள் உங்களுக்கு நிறைய வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
மூடப்பட்ட மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் முன், டெஸ்ட் எழுதத் தெரியாதவன் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக மட்டும் ஒன்று எழுதி ஓடவிட்டேன். மழை இல்லாமல் நான் காலியாக விட்ட கட்டங்களிலும் எண் இல்லை அல்லவா? என் ஆறு வரி அவற்றையும் தூறலாக்கிவிட்டது. பெரிய மழை பெய்த நாட்கள் போக, முப்பத்தொரு வருடமும் தினமும் தூறல். கோடைக்காலம் முழுக்கத் தூறல். உங்கள் மாமியார் பின்னால் வந்து நின்று பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றாள். ஒரு மணி நேரமாக இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூடியது மூடியபடியே இருக்கட்டும். பதிப்பை மட்டும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போடுங்கள். அதற்குள் சரி செய்து, டெஸ்ட்டோடு அனுப்புகிறேன். இன்றைக்கு வேண்டாம், இன்னும் தூறிக்கொண்டிருக்கிறது. ஆந்தையிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.