நாலு வீட்டை அணைத்த டிரிப் பாய்

மின்சாரத்தைத் துளிகூட நம்பாமல், அதை வைத்தே வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் ஆம்பூரில் எங்கள் வீட்டு ஓனர், டிரிப் பாய்.

தோல் பேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரத் தரையும் மோட்டாரும் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் காலம் தள்ளியதால், ஒரு சுவிட்சைப் போடக்கூட ‘பிஸ்மில்லா’ சொல்லித்தான் கை நீட்டுவார். அவர் வீட்டோடு சேர்த்து வரிசையாக நாலு வீடு. வாசலில் மெயின் பிரேக்கருக்குப் பக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்று ஒன்றை மாட்டியிருந்தார். எந்த வீட்டில் கரண்ட் கசிந்தாலும், அது ஆளைப் பிடிப்பதற்குள் ‘டப்’பென்று மொத்த வரிசையையும் அணைத்துவிடும். எலக்ட்ரீஷியன் பாஷையில் அது ‘டிரிப்’; அவர் பட்டப்பெயரும் அதிலிருந்து வந்ததுதான். சோதித்துப் பார்க்க அதில் ஒரு பட்டன் உண்டு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்புமுன் அதை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்.

அவர் அமுக்கினால் நாலு வீடும் அணையும். நான் கற்பூரம் காட்டும்போது முருகன் படத்தின் விளக்கு போகும். ஷூ கம்பெனிக்கு லீவு போட்டு மேட்ச் பார்க்கும் பக்கத்து வீட்டு செல்வம் அலறுவான்.

“பாய்! கடைசி ஓவரு பாய்!”

“ஓவரு போனா திருப்பிப் போடுவான்டா. நீ போனா போடுவானா?”

ஒருமுறை செல்வம் அணையும்போது கீழே விழும் அந்த ஈ.எல்.சி.பி. லீவரை, விழாதபடி ஷூ லேஸால் இழுத்துக் கட்டினான். லீவர் நிமிர்ந்தே நின்றது. கரண்ட் மட்டும் போய்விட்டது.

“வெளிய கட்டிட்ட. உள்ள எப்டிடா கட்டுவ?” என்று லேஸை அவிழ்த்து அவன் கையிலேயே கொடுத்தார் பாய்.

அப்போது என் மனைவிக்கு நுரையீரலில் கோளாறு. வேலூரில் காட்டினோம். வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. ஒரு மழை நாள் மதியம், அந்தச் சிலிண்டரை நிரப்பக் கொடுத்திருந்த நேரம் பார்த்து, ‘டப்’.

மிஷின் கீச்கீச்சென்று கத்தி நின்றது. பாய் ஓடிவந்து லீவரைத் தூக்கினார். டப். மறுபடி தூக்கினார். டப். பட்டனை யாரும் தொடவில்லை. இது நிஜக் கசிவு.

உள்ளே அவள் உதடு கறுத்துக்கொண்டே வந்தது.

“அந்தக் கருமத்தக் கழட்டிப் போட்டு டைரக்டா குடுங்க பாய்! அக்காவுக்கு மூச்சு வாங்குது!” என்று செல்வம் கத்தினான்.

“உங்க கால்ல வுழறேன் பாய்,” என்று நானும் கும்பிட்டேன்.

கழற்ற எடுத்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டார் பாய். “கசிவு எந்த வூட்லன்னு தெரியலியே! அந்த மிஷின்லயே இருந்துச்சின்னா? அதத் தொட்டுக்கினு இல்ல படுத்துனுக்குது உன் சம்சாரம்!”

கும்பிட்ட கையை இறக்கினேன்.

“ஒரு ஒரு வூடா மெயின ஆஃப் பண்ணுங்க! ஓடு!” என்றார் பாய்.

செல்வம் தன் வீட்டை அணைத்தான். பாய் லீவரைத் தூக்கினார். டப். கடைசி வீட்டு டீச்சரம்மா அணைத்தார். டப். நான் எங்கள் வீட்டையும் அணைத்தேன். எனக்கு “முருகா” தவிர வேறு சொல் வரவில்லை. பாய் தன் ஆண்டவனை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டப்.

மிச்சம் இருந்தது பாய் வீடுதான்.

போய்த் தன் வீட்டு மெயினை இறக்கிவிட்டு வந்தார். லீவரைத் தூக்கினார். நின்றது.

ஓடிப்போய் எங்கள் மெயினைப் போட்டேன். மிஷின் உறுமியது. அவள் விரல் என் கையை லேசாக அமுக்கிய பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

பாய் யாரையும் தொடவிடாமல் தன் கையாலேயே மாட்டிய வெந்நீர் ஹீட்டர்தான் கோளாறு!

“ஊரையே சந்தேகப்பட்டீங்க பாய், உங்க வூட்டு ஹீட்டர வுட்டுட்டீங்களே!” என்றான் செல்வம். வழக்கமாக ஒன்றுக்கு ரெண்டாகப் பதில் சொல்பவர், அன்று நேராகப் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

ஹீட்டரைக் கழற்றி எறிந்தார். வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி ஈ.எல்.சி.பி. வாங்கி மாட்டும்வரை, தன் வீட்டுக்கு மட்டும் கரண்ட்டே போடவில்லை. “நாலு வூட்ல மூணு வூட்டுக்கு லைட்டு, ஓனருக்கு மெழுகுவத்தியா?” என்று அவர் சம்சாரம் விசிறிக்கொண்டே திட்டியது தெரு முழுக்கக் கேட்டது. பாய் காதில் வாங்காமல் தன் கட்டிலை எங்கள் வீட்டை ஒட்டிய சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

முருகன் புண்ணியத்தில் சில மாதத்தில் அவள் தேறினாள். மிஷினைத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் விடிந்ததும் வாசலில் பாய். கண் சிவந்திருந்தது.

“இன்னாப்பா, ராத்திரி மிஷின் சத்தமே கேக்கல?” கேட்டபடியே கண்ணால் உள்ளே அவளைத் தேடினார்.

என் மனைவி தானே நடந்து வந்தாள். “திருப்பிக் குடுத்துட்டோம் பாய். இப்போ சொந்தமாவே மூச்சு வுடறேன்.”

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். “நல்லாருமா. ஆனா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அந்தச் சத்தம் இல்லாம ராத்திரி பூரா கண்ணே மூடல.”

அவள் பிழைத்ததில் தூக்கம் கெட்டவர், இந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான்.