கல்முனையில் களவாக மாட்டிறைச்சி

இதை வாசித்து முடிக்கும்போது நீங்கள் சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்பவே சிரிக்கத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். முதலில் இறைச்சி வாங்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை காலையில் உம்மா கூப்பிட்டா.

"மனே, காசிம் காக்காட கடைக்கு ஓடு. நல்ல தொடையாப் பாத்து ரெண்டு றாத்தல் மாட்டிறைச்சி வாங்கி வா."

அவ்வளவுதான் வேலை. கடை எங்கள் ஒழுங்கை முடிகிற சந்தியில் இருக்கிறது.

"பகல் சாப்பாட்டுக்குத் தொர வாறாரு" என்றா.

கையில் எடுத்த பையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

ஏன் என்று சொல்கிறேன். சிரிக்க வேண்டாம், இன்னும் நேரம் கிடக்கிறது.

தொர என்றால் ஹென்றிக் தொர. ஹொலண்ட்காரர். சூறாவளிக்குப் பிறகு கிணறுகள் திருத்த வந்த எஞ்சினியர். இங்கே வர முதல் மெட்ராஸில் வேலை செய்தவர். அங்கே ஒரு சைவ வீட்டு மாடியில் குடியிருந்து, ஒருநாள் முட்டை அவித்துவிட்டாராம். வீட்டுக்கார அம்மா மாதக்கணக்காக முகம் கொடுக்கவில்லையாம். அடிபட்டுப் பழகின மனுசன்! அதனால் எல்லாவற்றிலும் கவனம். தபால் கந்தோரிலும் செருப்பைக் கழற்றுவார். ஸலாம் சொன்னால் கும்பிடுவார். தமிழ் நல்லாக் கதைப்பார், ஆனால் முழுக்க மெட்ராஸ் தமிழ்.

ஹாஜியார் வீட்டு அறைக்குக் குடிவந்த அன்றைக்கே இரண்டு கையையும் கூப்பிச் சொன்னாராம். (இதைக் கொஞ்சம் மூக்கால் வாசியுங்கள்.)

"சார், நான் மாட்டுக்கறி தொடவே மாட்டேன். நீங்க கவலையே படாதீங்க!"

ஹாஜியார் அதற்குப் பிறகுதான் கவலைப்பட்டார். "இந்த வயசில என்ன நோய் வருத்தமோ, பாவம்" என்று அன்றிலிருந்து மீனே கொடுத்தார்.

தொரக்கு ஊர் காட்டுகிற வேலை எனக்கு. ஒருநாள் காசிம் காக்காவின் கடைக்கு முன்னால் நின்று, தொங்குகிற தொடையை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இந்த ஊர் ஆடு ரொம்பப் பெருசா இருக்கே?"

நல்ல பிள்ளை என்றால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பான்.

"ஓம் தொர" என்றேன். "இஞ்ச புல்லு நல்லம்."

அவர் அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு குனிந்து என் காதுக்குள், "தம்பி... அது... இங்கே கிடைக்குமா?"

"எது தொர?"

"மாடு."

நான் வாயைப் பொத்தினேன். சிரிப்பை அடக்கத்தான். அவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்.

"மெல்லக் கதைங்க தொர! ஆருக்கும் கேட்டா நம்ம ரெண்டு பேருக்கும் இந்த ஊரில இடமில்ல. நான் ஏதும் பாக்கிறன்."

அன்றைக்குத் தொடங்கியது கடத்தல். உம்மாவின் சட்டியிலிருந்து நாலு துண்டு. வாழை இலையில் சுற்றி, பள்ளிப் பையில், பூமிசாஸ்திரப் புத்தகத்துக்குக் கீழே. ஹாஜியார் வீட்டு வேலியடியில் நின்று இருமுவேன். உள்ளேயிருந்து தொர இருமுவார். வேலிக்கு மேலால் ஒரு வெள்ளைக் கை வரும். கூலி, ஜீப்பின் முன் சீட்டில் சம்மாந்துறை வரைக்கும் ஓட்டம்.

"எலும்ப என்ன செய்யிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தோட்டத்துல புதைச்சிடுறேன் தம்பி."

கல்முனையில்! இறைச்சிக்கடை வாசலால் போய்த்தான் பள்ளிவாசலுக்கே திரும்புகிற ஊரில்!

இனிப் பையைத் திரும்ப மாட்டின காரணம். தொரட ஜீப்புக்கு ட்றைவர் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த மூத்தவர் ரஷீத் நானாதான். ஆனால் நிரந்தரமில்லை, ஓட விட்டுப் பார்க்கிறார்கள். வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று தொரதான் இந்தக் கிழமை சொல்ல வேண்டும். சவளக்கடைப் பக்கம் ஜீப்பை வாய்க்காலுக்குள் இறக்கினதால் நானாவின் பக்கம் ஏற்கெனவே கொஞ்சம் ஈரம். வேலை நிலைத்தால்தான் சாய்ந்தமருதில் பேசி வைத்த பெண்ணும் நிலைக்கும். அதற்குத்தான் இந்த விருந்து. அதே விருந்தில் என் குட்டு உடைந்தால் நானா மறுபடியும் வாய்க்காலுக்குள், இந்த முறை ஜீப் இல்லாமல்.

"உம்மா, தொர மாடு தின்னமாட்டாரே. ஹாஜியாரும் சொன்னாரே?"

"அது ஹாஜியார்ட பொண்டாட்டிட ஆணத்துக்குப் பயந்து சொன்ன கதை. என்ட ஆணத்த மனுசன் இன்னும் திண்டு பாக்கல்லயே!"

வேறு வழியில் போனேன். "இண்டைக்குப் பௌர்ணமிப் போயா உம்மா. இறைச்சிக்கடை பூட்டு."

உம்மா அகப்பையை எடுத்தா. "நேத்துத்தான் பிறை நகக்கீறல் மாதிரிக் கிடந்திச்சு. போயாவாம் போயா! ஓடுடா!"

ஓடினேன்.

காசிம் காக்காவின் குரல் வெறும் பீப்பாய்க்குள் கல்லு உருட்டின மாதிரி. அடிவயிற்றால் வாசியுங்கள்.

"என்னடா வேணும்?"

"ஒண்டும் வேணாம் காக்கா. உம்மா கேட்டா மட்டும் இறைச்சி முடிஞ்செண்டு சொல்லுங்க."

"ஏன்?"

"தொர சாப்பிட வாறாரு..."

அந்த இடத்தில் என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

"என்ன! தொர வாற நாளில காசிம்ட கடையில இறைச்சி இல்லையாமா? சந்தியில நான் தல காட்டுறதில்லையா?"

நான் வெறுங்கையோடு வந்து, "முடிஞ்சிட்டு உம்..." என்கிறேன், 'மா' வெளியே வரவில்லை. சைக்கிள் கரியரில் ஒரு முழுத் தொடை வாசலில் வந்து இறங்குகிறது. சாக்கு கூடப் போட்டு மூடவில்லை. சந்தியிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் ஊர்வலம்.

"ஆருக்குகா இவ்வளவு?"

"தொரக்காம்!"

அவ்வளவுதான். பக்கத்து வீட்டு சபியா மாமி ஈரல் பொரித்து அனுப்பினா. எதிர்வீட்டு சாச்சி குடலைக் கழுவி பாபத்து ஆணம் ஆக்கினா. மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பாவம்கா அந்தாள், மீனத் திண்டு திண்டு வெளிறிப் போய்க் கிடக்காரு!" என்றா. அவர் பிறந்ததே வெளிறித்தான் என்று சொல்ல எனக்கு அப்போது தெம்பில்லை.

ஜும்ஆ முடிந்தது. தொர வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், வாப்பாவைக் கும்பிட்டார். பாயில் உட்கார்ந்தோம். நடுவில் சஹன், ஒரே பெரிய தட்டு. அதைச் சுற்றி வாப்பா, நானா, தொர, நான்.

நானாவின் நெற்றியில் வேர்வை. என் முதுகில் வேர்வை.

வாப்பா "பிஸ்மில்லாஹ்" சொல்லி மூடியைத் திறந்தார்.

நெய்ச்சோற்றுக்கு மேல் மாடு. மாட்டுக்குப் பக்கத்தில் ஈரல். ஈரலை அணைத்தபடி பாபத்து.

தொரட முகம் சிவந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி! இது யாருக்கெல்லாம் தெரியும்?"

என்னால் எல்லாருடைய குரலிலும் பேச முடியும். அந்த நேரம் என் சொந்தக் குரல் மட்டும் வரவில்லை.

தொர எழும்பினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். சுடுகிற கச்சான் காற்று அடிக்கிற மாசம். உள்ளே அடுப்புப் போல் ஆகிவிட்டது.

"என்னடா இவர் இப்பிடிச் செய்யிறாரு?" என்றார் வாப்பா.

"அவங்கட நாட்டில பூட்டிட்டுத்தான் சாப்பிடுறயாம் வாப்பா. குளிராம்."

தொர வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. வாப்பாவின் கையைப் பிடித்தார்.

"சார், எனக்காக இவ்வளவு பெரிய ஆபத்துல இறங்கிட்டீங்க. உங்க குடும்பத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

வாப்பா நானாவைப் பார்த்தார். "என்ன ஆபத்துடா? திரும்பவும் வாய்க்காலுக்க விட்டயா?"

"இல்ல வாப்பா!" நானாவின் குரல் கீச்சிட்டது.

டமார் டமார் என்று ஜன்னலில் அடி.

"இஞ்ச! தொர ஈரலத் திண்டாரா? உப்புக் காணுமாமா, கூடவா?" சபியா மாமி. ஒழுங்கைக்கே கேட்கும்.

தொர தோளில் கிடந்த துவாயை எடுத்துச் சஹனை மூடினார். உதட்டில் விரலை வைத்தார். நாலு பேரும் மூச்சு விடாமல் இருந்தோம். வாப்பா ஏன் மூச்சை அடக்கினார் என்று அவருக்கே தெரியாது.

அப்போது குசினிப் பக்கத்தால் பீப்பாய் உருண்டது.

"பொம்பளையள் கொஞ்சம் விலகுங்க! முன்கதவு பூட்டிக் கிடக்கு!"

காசிம் காக்கா. கையில் முழுக் கால் மூளையெலும்பு, தடி மாதிரி.

"தொர, இது தனிய உங்களுக்கெண்டு எடுத்து வெச்ச. சூப்புக்கு!"

தொர கிசுகிசுத்தார். "சார், சத்தமா பேசாதீங்க. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"என்ன பயம் தொர? எங்கட வாப்பா காலத்தில இருந்து சந்தியில வெச்சுத்தானே விக்கிற?"

"அது... ஆடுதானே?"

காசிம் காக்கா அந்த எலும்பைத் தூக்கிப் பிடித்தார். தொரட முழங்கை அளவு இருந்தது.

"ஆடா? இந்தக் காலோட ஆடு நடந்தா நான் கடையப் பூட்டிட்டு அதில ஏறி மக்காவுக்குப் போவனே!"

தொர எலும்பைப் பார்த்தார். காசிம் காக்காவைப் பார்த்தார். சாத்தின ஜன்னலைப் பார்த்தார். பிறகு, மிகவும் ஆறுதலாக, மெல்ல, என்னைப் பார்த்தார்.

நான் இருமினேன். பழக்கம்.

அவர் எழும்பிப் போய்த் தாழ்ப்பாளை எடுத்தார். ஜன்னல்களை மலரத் திறந்தார். "அம்மா, ஈரல் பிரமாதம்!" என்று ஒழுங்கைக்குக் கேட்கக் கத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, துவாயை எடுத்தார்.

"ரஷீத், நீங்க நல்ல ட்றைவர். வேலை உங்களுக்குத்தான். உங்க குடும்பத்துல பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒருத்தர் எனக்கு வேணும்."

திரைக்குப் பின்னால் உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றா.

பிறகு தொர கையை நீட்டி, என் பக்கத்தில் கிடந்த இறைச்சி முழுவதையும் ஒரு துண்டு விடாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சஹனில் அடுத்தவன் பக்கம் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் அவருக்கு அதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.