மீதி எதுவும் இல்லை, பெரியப்பா

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். அந்தத் தைரியத்தில் நீளமாக எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நான்காவதாகக் கொட்டகையில் நிற்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் "ம்" என்று மட்டும் சொல்வீர்கள். அந்த "ம்"முக்கு எந்த அகராதியிலும் பொருள் இல்லை.

நடுவில் உங்களுக்குப் படபடப்பு வரக்கூடாது என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் வரும்போது கார் தயாராக இருக்கும். இனி நடந்ததைச் சொல்கிறேன். எதற்கும் மாத்திரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன், கண் சிகிச்சைக்குப் போகும்போது, சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடி, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடு. வெளியே எடுக்காதே. உங்கப்பன் கை மட்டும் அதுல படக்கூடாது" என்றீர்கள். அப்பா மூன்றடி தள்ளி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சுவர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு வருடத்துக்கு முன் அவர் இந்தக் காரின் பிரேக்கைப் பிரித்துப் பூட்டி, எல்லாம் முடிந்த பிறகு தரையில் ஒரு போல்ட் மிச்சம் கிடக்க, "அது உபரி" என்று அவர் சொல்ல, நீங்கள் அதை நம்பி வண்டியை எடுக்க, வண்டி எங்கே போய் நின்றதோ அந்தச் சுவர். ஒரு கணக்கு வாத்தியார் மீதி ஒன்றை வைத்துக்கொண்டு விடை சரி என்று சொன்னதை நீங்கள் மன்னிக்கவேயில்லை. போல்ட்டைச் சாவிக்கொத்தில் கோத்தீர்கள், அவருக்கு "மீதி வாத்தியார்" என்று பெயர் வைத்தீர்கள், பேச்சை நிறுத்தினீர்கள். உங்கள் குடியிருப்பில் நிறுத்த இடம் இல்லாததால் கார் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. மாதத்தின் முதல் சனிக்கிழமை வருவீர்கள். பானெட்டைத் திறப்பீர்கள். அம்மா தரும் டீயை நின்றபடியே குடிப்பீர்கள். வாசற்படி ஏற மாட்டீர்கள். அப்பா ஜன்னலோரம் புத்தகத்தை விரித்து, நீங்கள் போகும்வரை ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

போன திங்கட்கிழமை காருக்கு அடியில் தட்டு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வட்டம். அம்மா ஏதோ எலி செத்துப்போச்சு என்றாள். நான் விரலால் தொட்டு முகர்ந்து, எலி இல்லை, எண்ணெய் என்று கண்டுபிடித்தேன். தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் டார்ச்சோடு உள்ளே போய், கால் மட்டும் வெளியே தெரியப் பேசினார்.

"பவர் ஸ்டியரிங் ஹோஸ்மா. ரெண்டும் வெடிச்சுப்போச்சு. வயசாச்சுல்ல, ரப்பர்தானே."

"இப்படியே ஓட்டினா என்ன ஆகும்?"

"நேரா போற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. திருப்பத்துல எண்ணெய் இல்லேன்னா ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிக்கும். அப்புறம் வண்டி அதுக்குப் பிடிச்ச பக்கம் போகும்."

"சனிக்கிழமைக்குள்ள மாத்த முடியுமா?"

"முடியும். எந்தச் சனிக்கிழமைன்னு மட்டும் கேக்காதீங்க."

நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியும். குனிந்து பார்ப்பீர்கள். "மீதி வாத்தியார் வேலையா?" என்று அம்மாவிடம் கேட்பீர்கள். யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. மறுநாளே கயிறு கட்டி இழுத்துப்போக ஆள் வரும். கார் போய்விட்டால் முதல் சனிக்கிழமையும் போய்விடும். நீங்கள் இந்தத் தெருவுக்குள் வருவதற்கு அந்தக் காரைத் தவிர வேறு காரணம் எதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்கு வராது, நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு ஸ்பேனர் எதற்கு என்று நினைப்பீர்கள். காருக்குள் நீங்கள் வைத்திருக்கும் பழுதுபார்க்கும் கையேட்டை இரண்டு இரவில் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். ஒரே குறை, அதை எழுதியவர் எல்லா வேலையையும் "எளிதாகக் கழற்றவும்" என்கிறார். அவர் உங்கள் காரைப் பார்த்ததில்லை. பழைய உதிரிபாகக் கடைக்காரரிடம் இரண்டு ஹோஸும் இருந்தது பெரிய அதிர்ஷ்டம். கூடவே ஒரு சின்னப் பையில், பெரிய ஹோஸுக்கு மட்டும் முனைக்கு இரண்டாக, நான்கு செம்பு வளையங்கள் கொடுத்தார். "பழைய வளையத்தை மட்டும் திரும்பப் போட்டுடாதம்மா, ஒழுகும்" என்று மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

புதன்கிழமை லீவு போட்டேன். காரை ஜாக்கியால் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பினால், அப்பா நாற்காலியோடு வந்து நிற்கிறார்.

"அப்பா, உங்க கை படக்கூடாதுன்னு பெரியப்பா சொல்லியிருக்காரு."

"கைதானே? கண்ணு படக்கூடாதுன்னு சொன்னாரா?"

உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார். அம்மா எட்டிப்பார்த்து, "என்ன, அடைகாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்று மணி நேரம், பெரியப்பா, மூக்கு அரித்தபோதுகூட அந்த மனிதர் கையை எடுக்கவில்லை. தோளில் தேய்த்துக்கொண்டார். வாய் மட்டும் ஓயவில்லை. "இடது பக்கம் திருப்பு. உன் இடது இல்லை, போல்ட்டோட இடது." "அழுத்தாதே, கெஞ்சு." கையேட்டைவிட அவர் சொன்னது சரியாக இருந்தது என்பதை நேர்மையாக எழுதுகிறேன்.

பழைய ஹோஸ்கள் கருவாடுபோல் விறைத்து வந்தன. ஸ்டியரிங்குக்கு எண்ணெய் தள்ளும் பம்ப்பின் வாயில் எண்ணெய் கொட்டாமல் துணியை அடைத்தேன். வளையம் நான்கையும் ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன். சின்ன ஹோஸைக் கிளிப் போட்டு மாட்டியாயிற்று. பெரிய ஹோஸின் ஒரு முனையை இரண்டு வளையத்தோடு கீழே பூட்டியாயிற்று. மறுமுனை பம்ப்பில். ஒரு வளையத்தைப் போல்ட்டில் கோத்துக்கொண்டு காருக்கு அடியில் மல்லாந்து, அடுத்ததற்குக் கையை நீட்டப்போனேன். அந்த நேரம் பார்த்து அடைப்புத் துணி நழுவியது. மேலே பம்ப்போடு இருக்கும் எண்ணெய் டப்பாவில் மிச்சமிருந்ததெல்லாம் என் முழங்கை வழியாக, கழுத்து வழியாக, கண்ணுக்குள். ஒரு கையில் ஹோஸ், ஒரு கையில் போல்ட், விட்டால் இரண்டும் போச்சு, விடாவிட்டால் கண் போச்சு. "அப்பா!" என்று மட்டும்தான் கத்தினேன். அடுத்து நாற்காலி விழும் சத்தம். செருப்புக்கால் செய்தித்தாள் மேல் வழுக்கும் சத்தம். எண்ணெய் நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால், பம்ப்பின் வாயில் அப்பாவின் கட்டைவிரல்.

நாங்கள் இருவரும் அந்த விரலையே பார்த்தோம்.

"நான் காரைத் தொடல," என்றார். "எண்ணெயைத்தான் தொட்டேன்."

இதை மறைக்க முடியும். மறைத்தால் நீங்கள் கேட்கும் முதல் கேள்வியிலேயே என் முகம் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அவர் கை பட்டது. ஒரே ஒரு விரல், ஒரு நிமிடம். அதுவும் உங்கள் தம்பி மகளின் கண்ணுக்காக.

அவர் விரலை எடுத்ததும், பரபரப்பில் அந்த நான்காவது வளையத்தைப் போட்டேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம். தாளைப் பார்த்தேன், காலி. பம்ப்பின் வாயை விரலால் தடவினேன், வளையம் இருந்தது. சரி, போட்டிருக்கிறேன் என்று முறுக்கி முடித்தேன். அப்பா விடவில்லை. தாளை உதறச் சொன்னார். தரையைப் பெருக்கச் சொன்னார். முறத்தில் வந்த தூசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், வகுப்பில் விடை எழுதுகிறவர்போல, "மீதி பூஜ்யம்" என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்து வெகு நாளாகிறது.

பிறகு புது எண்ணெய் ஊற்றி, உள்ளே நின்ற காற்றை எடுக்க, அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, இன்ஜினைப் போடாமல் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது தடவை திருப்பச் சொன்னோம். "இந்த வீட்டுல எல்லாரையும் திருப்பறது நான்தான், இதுவும் என் தலையிலயா?" என்று கேட்டபடி திருப்பினாள். டப்பாவில் குமிழ் குமிழாக வந்து அடங்கியது. இன்ஜினைப் போட்டபோது பம்ப் ஒரு முனகல் முனகியது. பிறகு அமைதி. அடியில் விரித்த தாள் சாயங்காலம் வரை சுத்தமாக இருந்தது.

ஆகையால் பெரியப்பா, சனிக்கிழமை தைரியமாக வாருங்கள். காரை எடுத்து எங்கே வேண்டுமானாலும் திருப்புங்கள். திரும்ப இங்கேயே கொண்டுவந்து நிறுத்துங்கள், அது போதும். இந்த முறை மீதி எதுவும் இல்லை.

அம்மா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். அப்பா எதுவும் தெரிவிக்கச் சொல்லவில்லை. ஆனால் எழுதி முடித்துவிட்டாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டார். கண்ணுக்கு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள் ஆசியை என்றும் நாடும்,
தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இன்று வியாழன் காலை கார் அடியில் விரித்த தாளில் சிவப்பாக ஒரு சொட்டு. குறுக்கெழுத்துக் கட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். செருப்பின் அடியில் ஏதோ மின்னியது. எண்ணெயோடு அழுந்தி ஒட்டிக்கொண்டிருந்தது, புத்தம்புதுச் செம்பு வளையம் ஒன்று. அப்படியானால் பம்ப்பின் வாயில் என் விரலுக்குத் தட்டுப்பட்டது, அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்த பழையது. ஆகவே மேலே தைரியமாக வாருங்கள் என்று எழுதியதை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வண்டியை எடுக்க வேண்டாம். அழுக்கானால் பரவாயில்லை என்கிற சட்டை ஒன்று போட்டுக்கொண்டு வரவும்.

அப்பா அந்த வளையத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். பதினொரு வருடமாக "உன் பெரியப்பா" என்றே சொல்லிவந்தவர், இப்படிச் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்:

"அண்ணனைக் கேளு. அந்தச் சாவிக்கொத்துல இன்னும் ஒண்ணு கோக்க இடம் இருக்கா?"