பிட்டுக்குள் ஒளித்த பீற்றூட்

பிட்டுக்குழல் வெடித்த சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைக்கவே மறந்துவிட்டது.

சோமசேகரம் தலையைத் தடவிப் பார்த்தார். தலை இருந்தது. பிட்டுத்தான் இல்லை. அது குசினிக் கூரையில் ஒட்டிக்கொண்டு, மஞ்சள் நிறத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பிட்டு அவிகிற விதம் அழகானது. பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் வாயில் பொருத்திய மூங்கில் குழலுக்குள் ஆவி ஏறும். குழைத்த மா சிறு சிறு உருண்டைகளாக இருப்பதால் இடையில் சந்துகள் உண்டு. ஆவி அந்தச் சந்துகளுக்குள் நுழைந்து, போகிற வழியெல்லாம் மாவை அவித்துக்கொண்டு மேலே வெளியேறும். சந்துகளை மசித்த பூசணிக்காயால் அடைத்துவிட்டால் ஆவிக்கு வேறு வழி இல்லை. பிட்டையே தூக்கி எறிந்துவிடும். கொக்குவில் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற சோமசேகரத்துக்கு இது தெரியாததல்ல. பம்புக்கு உள்ள சட்டம் பிட்டுக்கும் உண்டு என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

வாசலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

"அப்பா, உதென்ன மேலை?" என்றான் மூத்தவன் தியாகராசா.

"பிட்டு."

"பிட்டு ஏன் மஞ்சளாய் இருக்கு?" என்று கேட்டாள் சின்னவள் அருந்ததி.

"மா கொஞ்சம் பழசு, பிள்ளை."

"பூசணிக்காய் மணக்குது. எங்களுக்கு வேண்டாம்."

இரண்டு தலைகளும் மறைந்தன.

மனைவி குணலட்சுமி கொழும்பில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தாள். கலியாணத்துக்கு முன்பே அவள் கண்ட கனவு அது. புறப்பட்ட அன்று ரயில் ஜன்னலால் தலையை நீட்டி, மேடையில் நின்ற பிள்ளைகளுக்கும் மற்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, பிள்ளையள் மரக்கறி ஒழுங்காய்ச் சாப்பிடவேணும். சாப்பிடீனமில்லை எண்டு ஒரு சொல்லுக் கேட்டாலும் படிப்பை விட்டிட்டு வந்திடுவன்!"

அவள் இருந்தபோது கீரையைச் சோற்றோடு குழைத்து உருட்டிக் கொடுத்தால் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். அவள் போன மறுநாளிலிருந்து ஓர் இலை உள்ளே போகவில்லை. அந்தக் கை இல்லாத குறைதான் என்று சோமசேகரம் நினைத்தார். அவருக்கே சோறு ருசிக்கவில்லை.

'வா' என்று ஒரு சொல் எழுதினால் அவள் வந்துவிடுவாள். பின்வேலிக்கு அப்பால் மெயில் ரயில் கொழும்புக்குப் போகிற நேரமெல்லாம் அந்தச் சொல் தொண்டை வரை வரும். அவர் விழுங்கிவிடுவார். பிள்ளைகளுக்கு மரக்கறி ஊட்டிவிட்டால் அவள் படிப்பு பிழைத்துக்கொள்ளும். ஆனால் எப்படி?

கூரையைக் கழுவும்போது யோசனை வந்தது. நிறந்தான் காட்டிக்கொடுத்தது. சிவப்பரிசி மாவுக்குள் சிவப்பு மரக்கறி ஒளிந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? மணத்தைத் தேங்காய்ப்பூ மூடிவிடும். பீற்றூட்டை மெல்லிதாகத் துருவி, சாற்றைப் பிழிந்துவிட்டு, மாவோடு விரலால் உதிர்த்தார். சந்துகள் திறந்தே இருந்தன. ஆவி ஒழுங்காக வந்தது.

"அப்பா, இண்டைக்குப் பிட்டு நல்லாயிருக்கு!" என்றாள் அருந்ததி.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றான் தியாகராசா.

சோமசேகரம் அன்று பம்புகளிடம்கூடச் சிரித்தார்.

மறுநாள் காலை வளவின் பின்பக்கமிருந்து தியாகராசாவின் அலறல் கேட்டது.

"அப்பா! ஐயோ! எனக்கு ரத்தமாய்ப் போகுது!"

"எனக்குந்தான்!" என்றாள் அருந்ததி, அண்ணனுக்குக் குறையாமல்.

சோமசேகரம் சட்டையை மறுபக்கமாய்ப் போட்டுக்கொண்டு இருவரையும் சைக்கிளில் ஏற்றி டிஸ்பென்சரிக்கு மிதித்தார். அங்கே மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:

"நேற்று என்ன சாப்பிட்டவை?"

அந்தக் கேள்வியில்தான் சோமசேகரத்துக்கு விஷயம் வெளித்தது. பீற்றூட்டின் சாயம் சிலருடைய வயிற்றில் செரிக்காது. போன நிறத்திலேயே திரும்பி வரும். ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சொன்னால் இனிப் பிட்டும் போச்சு.

"பிட்டு" என்றார்.

"பிட்டுக்குள்ளை?"

"தேங்காய்ப்பூ." சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினார். மற்றக் கண்ணையும் சிமிட்டினார்.

அப்போதிக்கரி பிள்ளைகளுக்குக் கசப்பு மருந்தும், அவருக்குக் கண்ணில் விடுகிற மருந்தும் கொடுத்தார்.

வரிசையில் பின்னால் நின்ற கூட்டாளி நாகலிங்கம், "என்ன சோமண்ணை, ரத்தமோ?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்லையடா. நீ பேசாமல் இரு."

பேசாமல் இருக்க நாகலிங்கத்துக்குத் தெரியாது. அன்று பின்னேர மெயிலில் கொழும்புக்குப் போகிற அலுவலும் அவனுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியான ரயிலில் குணலட்சுமி வந்து இறங்கினாள். படலையைத் திறந்தபோதே அழுதுகொண்டிருந்தாள்.

"பிள்ளையள் ரத்தம் ரத்தமாய்க் கக்குகினமாம்! எனக்குப் படிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். திங்கட்கிழமை சோதினைக்கும் போகமாட்டன்!"

இரண்டு பிள்ளைகளும் ஓடிவந்து அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டன. சோமசேகரம் ஒரு பக்கமாக நின்றார். அவள் சீலையில் ரயில் கரி மணந்தது. நாகலிங்கத்தை உதைப்பதா, கும்பிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"குணம், அது ரத்தமில்லை, பீற்றூட்" என்று மெல்லச் சொல்லி, குழல் வெடித்ததிலிருந்து கண்மருந்து வரை எல்லாவற்றையும் ஒப்புவித்தார். அவள் அழுகையை நிறுத்திச் சிரித்தாள். பிறகு மறுபடியும் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அன்றிரவு முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு. அவள் குழைத்து உருட்ட உருட்ட, பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு கையை நீட்டினார்கள். சோமசேகரமும் நீட்டினார். அவருக்கும் ஓர் உருண்டை கிடைத்தது. நெடுநாளைக்குப் பிறகு சோறு ருசித்தது.

"பாருங்கோ, என்ன வடிவாய்ச் சாப்பிடுகினம்! நீங்கள் வீணாய்ப் பயந்திட்டியள்" என்றாள் குணலட்சுமி, கண் நிறையப் பார்த்து. "உப்பிடிச் சாப்பிட்டால் எனக்கென்ன கவலை? நான் நாளைக்கே திரும்பிப் போய்ச் சோதினை எழுதலாம்."

அருந்ததி வாயருகே கொண்டுபோன உருண்டையைச் சாப்பாட்டுக் கோப்பையில் திரும்ப வைத்துவிட்டு, அண்ணனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்:

"நான் சொன்னனான் தானே அண்ணை, கீரையைப் பக்கத்து வீட்டுத் தங்கமுத்து மாமியிட்டை மட்டும் ஒளிச்சுச் சாப்பிடுவம், இஞ்சை சாப்பிட்டால் அம்மா வரமாட்டா, வந்தாலும் போயிடுவா எண்டு!"