வான்வழி வந்த மாப்பிள்ளை

குளுவாங்கைத் தாண்டியதும் வந்த பலகையைப் படித்த ரூபேந்திரன் காரை ஓரங்கட்டினான். மெர்சிங்கிற்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

"ஏன்டா நிக்கிற?" என்றாள் அம்மா கிருஷ்ணம்மா. மடியில் பூவும் பழமும் வைத்த தட்டு.

"நம்ம சிகாமட்லருந்து மொத்தமே நூத்திப் பதினஞ்சுதான்னு பொண்ணோட அப்பா சொன்னாரும்மா. இங்க வரவே தொண்ணூறு ஓட்டியாச்சு."

மணி மூன்றரை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு ஆரம்பம். "ஏழு இடம் வர்றேன்னு கெளம்பி, பாதியிலயே திரும்பிட்டாங்க தம்பி. ஜாதகத்துல ஏதோ தோஷம். நீங்களாவது ராகு காலத்துக்கு முன்னால வந்துடுங்க" என்று பெண்ணின் அப்பா தங்கராஜு போனில் கெஞ்சியிருந்தார்.

"திரும்புடா. தூரத்துலயே பொய் சொல்றவங்க, வேற எதுல உண்மை சொல்லப் போறாங்க?"

ரூபேந்திரனுக்கு முப்பத்தாறு வயது. இதுவரை பார்க்கப் போன எந்தப் பெண் வீட்டிலும் அவனுக்கு இரண்டாவது டீ கிடைத்ததில்லை. இன்று பார்க்கப் போகும் லோஷினி ஒருத்திதான் போனில் அவனுடைய மொக்கை ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தவள். அவளை விட்டுவிட அவனுக்கு மனசே வரவில்லை.

"ஷார்ட்கட் இருக்கும்மா," என்று செம்பனைத் தோட்டத்துக்குள் காரை விட்டான்.

முன்னால் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்தது. அது ஒதுங்கி வழிவிட்டபோது எதிரே பூட்டிய கேட். காவலுக்கு இருந்த ஜாகா, "தூத்துப் லா!" என்று, மூடியாச்சு என்பதுபோல் கையை விரித்தார். சேறு பூசிய காருடன் வந்த வழியே திரும்பி, ஒருவழியாக மெர்சிங் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். நட்டநடு ராகு காலம்.

"டயர் பஞ்சர்னு சொல்லிடு," என்றாள் அம்மா. சொன்னான்.

வாசலுக்கு வந்த தங்கராஜு பதறிப்போனார். "அலமாக்! பஞ்சரான டயர எடுங்க தம்பி, பக்கத்துலயே கடை இருக்கு. ஒட்டிடலாம்."

அவரே டிக்கியைத் திறந்தார். பிறந்ததிலிருந்து தரையைத் தொடாத ஸ்பேர் டயர் பளபளத்தது.

"மன்னிச்சிடுங்க அங்கிள்," என்று ரூபேந்திரன் உடைந்தான். "நீங்க சொன்ன தூரம் தப்பு."

"தப்பா?" தங்கராஜுவின் முகம் சிவந்தது. "ஏர்போர்ட்ல முப்பது வருஷம் வேலை பாத்தவன் நான்! உங்க ஊரு சின்ன ஏர்போர்ட்லருந்து எங்க ஊரு ஏர்போர்ட்டுக்கு நூத்திப் பதினஞ்சு. ஒரு முழம் கூடாது, கொறையாது!"

"பிளேன்லயா, அங்கிள்?"

"பின்ன?" என்றவர் சேறு படிந்த காரைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ரோட்டுல நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே..."

ஜன்னலுக்குப் பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். போனில் கேட்ட அதே சிரிப்பு. ரூபேந்திரனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

உள்ளே உட்கார வைத்தார்கள். முதல் டீ முடிந்ததும், கேட்காமலே இரண்டாவது டீயை ஊற்றினாள் லோஷினியின் அண்ணி பிரேமலா.

கிருஷ்ணம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ராகு காலத்துல வந்துட்டோம். தோஷம் வேற இருக்குன்னு சொன்னீங்க..."

பிரேமலா மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, அந்த ஏழு பேருக்கும் நீங்கதானே தூரம் சொன்னீங்க?"

"ஆமா. இதே ஏர்போர்ட் கணக்குதான்."

"அப்ப தோஷம் லோஷினி ஜாதகத்துல இல்ல மாமா, உங்க கிலோமீட்டர்லதான்!"