அவுட்டாகிச் சம்பளம் வாங்கியவர்

அவுட்டாவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் மூங்கில்துறைப்பட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கொரியா மாஸ்டர் என்போம். சர்க்கரை ஆலையில் மெஷின் பூட்ட வந்தவர். அதற்கு முன் தன் நாட்டில் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர். பள்ளி மைதானத்தில் நாங்கள் பந்தைத் துரத்திய அழகைப் பார்க்கச் சகிக்காமல், சம்பளமில்லாத கோச் ஆனார். ஆலைத் தொழிலாளர்களிடம் கற்ற தமிழில் தலைமையாசிரியையையே "இன்னா?" என்பார்.

மைதானத்தில் கால் வைக்குமுன் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை குனிந்து வணங்குவார். அது தங்களுக்குத்தான் என்று அங்கே படுத்திருந்த வண்டிமாடுகள் நம்பின, எழுந்து வழிவிட்டன.

அவருடைய புகழெல்லாம் ஒரே வித்தையில். மட்டையை ஓங்காமல் சும்மா நீட்டி, பந்தைக் காலடியிலேயே விழவைப்பார். எதிரணி ஓடிவந்து எடுத்து அவரை அவுட்டாக்குவதற்குள், பாதி வழியில் நிற்கும் அவர் அணிக்காரர் ஒரு கட்டம் முன்னேறிவிடுவார்.

கரும்பு வெட்டும் என் அப்பாவுக்கு இது விளங்கவேயில்லை. "அவுட்டாவறதுக்குச் சம்பளமா? நான் தெனிக்கும் அவுட்டுதான். எவன் குடுத்தான்?"

எனக்கும் பிடிக்கவில்லை. ஓங்கி அடிக்கவே ஆசை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், அவுட்டாகவா போனேன்?

திருக்கோவிலூரில் மாவட்ட அணித் தேர்வு வந்தது. தேறினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட். "கெடச்சா படி. இல்லாங்காட்டி வெட்டுக்கு வந்துடு" என்றார் அப்பா.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்த நேரம் அது. பாதி வழியில் போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரம் ஒன்று சாலையை மறித்துக் கிடந்தது. எங்கள் வேனைக் கண்டதும் ஒருவர் கத்தினார்:

"கட்டையோட வந்துக்கீறாங்கடா!"

கூட்டம் சூழ்ந்தது. பேஸ்பால் மட்டை என்றால் யாருக்குத் தெரியும்? துண்டை இறுக்கிக் கட்டியிருந்த தலைவர் அதட்டினார்: "யார் அனுப்புனது உங்கள?"

மாஸ்டர் இறங்கினார். தொப்பியைக் கழற்றி, சாய்ந்து கிடந்த மரத்துக்கும் கூட்டத்துக்கும் சேர்த்துக் குனிந்தார். கூட்டத்தில் இரண்டு பேர் தங்களை அறியாமல் குனிந்துவிட்டார்கள்.

"பொண்ணுங்க பரீச்சைக்குப் போவுது. கட்டையும் நானும் இங்கியே. பொய்யின்னா என்னை வெச்சிக்க" என்றவர் எங்களிடம் திரும்பினார். "நான் அவுட். நீங்க ஓடுங்க!"

ஓடினோம், மூச்சு வாங்கியபோது நடந்தோம். வேறு பள்ளியின் மட்டையை இரவல் வாங்கி ஆடினேன். மூன்றாம் கட்டத்தில் எங்கள் அணிப் பெண் ஒருத்தி காத்து நின்றாள். என் முறை. ஓங்கவில்லை, நீட்டினேன். நான் அவுட். அவள் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தாள், எங்களுக்கு ஒரு ரன். "இது யார் கத்துக்குடுத்தது?" என்று கேட்டபடியே தேர்வாளர் என்னை அணியில் சேர்த்தார்.

திரும்பும் வழியெல்லாம் ஓடினோம். மாஸ்டரை என்ன செய்தார்களோ?

தூரத்தில் புளியமரம் தெரிந்தது. அதைச் சுற்றி ஆட்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாஸ்டர் மட்டையோடு, "ஓடு! ஓடு!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

தலைவர் மூச்சிரைக்க வந்தார். "இட்டுக்கினு போங்கம்மா இவர! காலைலேர்ந்து ஓட வுட்டுக்கினே கீறாரு!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "மாஸ்டர், கெடச்சிடுச்சி!" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி என் முன்னால் குனிந்தார்.

இப்போது கல்லூரி மைதானத்தில் இறங்குமுன் நானும் குனிகிறேன். ஷூ கயிறு கட்டுகிறேன் என்று தோழிகள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.